ஏரியில் போட்ட கம்பி

மூன்று சாமான்களையும் கூடத்தில் பரப்பி வைத்துவிட்டு, "இதுல எது நல்லாக் கேக்குதுன்னு நீங்க ரெண்டு பேருந்தான் பாத்துச் சொல்லணும்" என்றார் என் வீட்டுக்காரர். ரெண்டு பேர் என்றால் அவருடைய அம்மாவும் நானும். நான் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமியார் எதிரே இருக்கும்போது புருஷனோடு பேசுவது அந்த நாளில் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் சொல்வதைக் கதவிடுக்கு வழியாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். புரியாவிட்டால் புரியாதது புரியாததுதான், திருப்பிக் கேட்க முடியாது. பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் அதுவே காரணம் என்று சொல்லலாம். அது மட்டும்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், புரட்டாசி மாதம். சென்னீர்குப்பத்தில் ஏரிக்கரைக்கு அடியிலேயே எங்கள் வீடு. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. மாமனார் போனபிறகு அதை அத்தைதான் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் யுத்தத்தில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றுக்கொண்டவர். யுத்தம் முடிந்ததும் ஜனங்களை ஏற்றிப் போகிற விமானத்தில் வேலை கிடைத்தது. ஓட்டுகிற வேலை இல்லை. ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, தரையில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே வருகிற வேலை. திங்கள், புதன், வெள்ளி விடிகாலையில் மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூர் போய், பத்தரை மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார்கள். வாரம் பூராவும் மீனம்பாக்கத்திலேயே ஓர் அறையில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவார். ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் அவர் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

யுத்தத்தின்போது பூந்தமல்லிக்கு அந்தண்டை ஒரு விமானம் வயலில் விழுந்ததாம். அத்தை அன்றைக்குக் களையெடுப்பு பார்க்கப் போனவர், புகையைப் பார்த்து எல்லோருடனும் ஓடியிருக்கிறார். அங்கே என்ன பார்த்தார் என்று ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் பிள்ளை பறக்கிற நாட்களில் அத்தை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார். விளக்கு வைக்கிற வரைக்கும் கெட்ட சேதி வராவிட்டால் பிள்ளை இறங்கிவிட்டான் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கொஞ்சம் கஞ்சி. வாரத்தில் மூன்று நாள் இப்படி. ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றடியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். மறுநாள் வந்த இவரிடம் நான் ராத்திரி சொன்னேன். காலையில் இவர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா இப்பிடி பண்றே? துன்னாம கெடந்தா பிளேனு பத்திரமா எறங்கிடுமா?"

"நீ அந்த வேலைய உட்டுடு நைனா, நான் மூணு வேளையும் துன்றேன்."

"எறங்கறப்போ நான் பேசறதை நீ ஊட்டுலயே உக்காந்து கேட்டா?"

"ஊட்டுலயா? மீனம்பாக்கத்துல நீ பேசறது இங்க எப்பிடிடா கேக்கும்? நான் இன்னா பூதமா?"

"கேக்க வெக்கறேன். கேட்டா அந்த நிமிஷமே சோறு துன்னணும்."

அத்தை ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை நீட்டினார். "தீவாளி வரைக்கும் பாக்கறேன். என் காதால கேட்டா துன்றேன். கேக்கல, தீவாளிக்கு அப்பால நீ ஏரைப் புடிக்கணும். அடி, கையில சத்தியம்."

இவர் அம்மாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ. அவர் வீட்டோடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். உடனே, விமானத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண் எப்படி இருக்கும் என்பதும் ஞாபகம் வரும். ஏரைப் பிடித்தால் அந்தக் கண் என்னாகும் என்று நினைத்தால் முதலில் நினைத்தது கலைந்துபோகும்.

அடுத்த சனிக்கிழமை மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பட்டாளத்தார் கழித்துவிட்ட சாமான். பச்சைப் பெயின்ட் அடித்து, அரிசிப் பானையைவிடக் கனமாக இருந்தது. கூடவே ஒரு பேட்டரி. சத்தம் கேட்க வாய் ஏதும் பெட்டியில் இல்லை. தலையில் மாட்டிக்கொள்கிற வில்லும் அதன் இரண்டு முனையில் இரண்டு கிண்ணமும்தான். ஒரு கிண்ணத்தை அத்தை ஒரு காதிலும் இன்னொன்றை நான் ஒரு காதிலும் வைத்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அத்தையை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

பெட்டியில் முள்ளை எந்தக் கோட்டில் வைக்க வேண்டும் என்று இவரே வைத்து, சிவப்பு மையால் அடையாளமும் போட்டுவிட்டார். அதை யாரும் தொடக்கூடாது. மாற்ற வேண்டியது வெளியே மாட்டுகிற சாமானை மட்டும்தான். அந்த மூன்று சாமானைத்தான் கூடத்தில் பரப்பினார். முதலாவது, ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இரும்புக் குச்சி, தூண்டில் கழி மாதிரி. இரண்டாவது, கட்டில் சட்டம் போல ஒரு மரச்சட்டம், அதைச் சுற்றிச் சுற்றிக் கம்பி. மூன்றாவது, துணி சுற்றிய செம்புக் கம்பி, பெரிய உருண்டையாக.

"நாளன்னிக்கு திங்கக்கெழமை இந்தக் குச்சியப் போடுங்க. பொதங்கெழமை சட்டம். அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். வெள்ளிக்கெழமை ஏரியல். அந்தக் கம்பி பூராத்தையும் நீட்டா இஸ்துடணும். எதுல நல்லாக் கேக்குதோ அதையே வெச்சிக்கலாம்."

இவர் சொன்னது ஏரியல். கம்பிக்கு அதுதான் பெயராம். அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஏரிக்கரைக்கு அடியில் குடியிருப்பவள் காதில் அது எப்படி விழும்? ஏரியில என்றுதான் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஏரியில, கம்பி பூராவையும் இழுக்க வேண்டும். எனக்கு அது விபரீதமாகவும் படவில்லை. ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால்தான் இவர் கொல்லையில் ஓர் இரும்புக் கடப்பாரையை அடித்து, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பி கட்டி, "இதுக்கு தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்தணும், காயக்கூடாது" என்று சொல்லியிருந்தார். ஒரு கம்பிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னவர் இன்னொரு கம்பியை ஏரியில் போடச் சொன்னால் அதில் என்ன ஆச்சரியம்?

திங்கட்கிழமை குச்சியை ஓட்டுக்கு மேலே செருகி வைத்தேன். பத்து மணி பஸ் போன சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் கிண்ணத்தைக் காதில் வைத்துக்கொண்டோம். காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரே சத்தம்.

"இன்னாமே இது? யாரோ வறுக்கறாங்களே!" என்றார் அத்தை.

"தெரியல அத்தே."

வறுபடுகிற சத்தத்துக்கு நடுவே திடீரென்று ஓர் ஆண் குரல். இங்கிலீஷ். கரகரவென்று நாலு வார்த்தை, அப்புறம் வேறு ஒரு குரல், மறுபடியும் முதல் குரல். இவர்தானா? இங்கிலீஷில் பேசினால் இவர் குரல் எப்படி இருக்கும் என்று நான் கேட்டதே இல்லையே.

"அத்தே, அவருதான் போல கீது."

"போடி இவளே. எவனோ தொரை பேசறான். என் புள்ள இப்பிடியா தொண்டையில கல்லு மாட்டின மாதிரி பேசுவான்?"

"இங்கிலீசு பேசினா அப்பிடி இருக்குமோ இன்னாவோ..."

"பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சி?"

அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சத்தமாகக் கேட்டது என்னவோ நிஜம். ஆனால் நன்றாகக் கேட்பது என்றால் சத்தமாகக் கேட்பதா, ஆள் யார் என்று தெரிகிற மாதிரி கேட்பதா? இவர் அதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை சட்டம். அத்தை சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, நான் சொல்லச் சொல்லத் திருப்ப வேண்டும் என்று ஏற்பாடு. கிண்ணம் என் காதில். எது மீனம்பாக்கம் பக்கம் என்று யோசித்து, சட்டத்தின் முகம் அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தோம். முகம் பார்த்துத்தானே பேசுவார்கள்? ஒன்றுமே கேட்கவில்லை. விளிம்பைக் காட்டினால் கேட்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அத்தைக்குக் கை வலித்துச் சட்டத்தைச் சாய்த்தார். அப்போது எங்கிருந்தோ நாயனம் கேட்டது.

"அத்தே, கல்யாணி வாசிக்கறாங்க!"

"குடுமே இப்பிடி."

இரண்டு பேரும் கிண்ணத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டோம். எவ்வளவு நேரமோ. அப்போது நிஜமாகவே தலைக்கு மேலே ஓடு அதிரும்படி விமானம் போயிற்று. அத்தை சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். நான் பெட்டியைப் பார்த்தேன். காதில் இருந்த கிண்ணத்தில் நாயனம்தான் வந்துகொண்டிருந்தது.

"மேல போறான், பொட்டியில இல்ல!" என்று அத்தை என்மேல் பாய்ந்தார். "ராகம் கேக்க உக்காந்துட்டியே, பாவி!"

அத்தையும்தானே கேட்டார் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அன்றைக்கும் அத்தை சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக, யார் கண்ணிலும் படுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று கம்பி உருண்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு முனையைப் பெட்டியில் மாட்டி, ஜன்னல் வழியாக விட்டு, கொல்லை வேலிக்கு மேலே, கள்ளிப் புதருக்கு மேலே, கரை மேல் புல்லோடு புல்லாக இழுத்துக்கொண்டே போனேன். மதகுப் பக்கத்தில்தான் தண்ணீர் இருந்தது. முனையில் ஒரு கருங்கல்லைக் கட்டி, எறியத் தெரியாமல் எறிந்தேன். பக்கத்திலேயே விழுந்தது. முழங்கால் வரை இறங்கி, அதைத் தள்ளி உள்ளே விட்டுவிட்டு வந்தேன்.

கரை ஏறினால் எதிரே நீர்க்கட்டி நிற்கிறார். ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். ஏரியில் ஒரு தவளை குதித்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

"இன்னாம்மா இது? ஏரியில கம்பி?"

நான் வெளி ஆண்களோடு பேசிப் பழகாதவள். முந்தானையை இழுத்துக்கொண்டு நின்றேன்.

"மீனுக்குக் கரெண்டு உடறீங்களா? பூந்தமல்லியில அப்பிடி புடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். இங்க நடக்காது, சொல்லிட்டேன்!"

நான் ஓடி வந்துவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு, எங்கள் கொல்லைக்கே வந்து சேர்ந்தார். அத்தை வெளியே வந்தார்.

"இன்னாபா, காலங்காத்தால?"

"எம்மா, உங்க மருமவ ஏரிக்குத் தூண்டி போட்டுகினு கீது!"

"தூண்டியும் இல்ல, துடுப்பும் இல்ல. என் புள்ள சொல்லிட்டுப் போனான். அவன் பேசறது இதுல கேக்குமாம்."

"ஏரியிலருந்தா?"

"எனக்கின்னா தெரியும்? நானும் ரெண்டு நாளா பட்டினி கெடந்து கேட்டுகினு கீறேன். இன்னைக்கு ஒரு நாளு உட்டு வை. கேக்கலன்னா நானே அறுத்து உன் கையில குடுக்கறேன்."

நீர்க்கட்டி போகவில்லை. மீன் செத்து மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று கொல்லையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணி பஸ் போயிற்று. கிண்ணத்தைக் காதில் வைத்ததும் பெட்டி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். வறுக்கிற சத்தமே இல்லை. கோயில் கதவு சாத்தின பிறகு உள்ளே இருக்கிற மாதிரி ஓர் அமைதி. அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அப்புறம் எங்கேயோ ரொம்ப தூரத்தில், ஏரிக்கு அந்தக் கரையில் நின்று யாரோ பேசுகிற மாதிரி, சின்னக் குரல். சின்னது, ஆனால் துளி கறை இல்லை.

மெட்ராஸ், மெட்ராஸ் என்றது.

அத்தை என் தோளைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"மெட்ராஸ்" என்று மறுபடியும் அந்தக் குரல். கடைசி எழுத்தில் சின்னதாக ஒரு விசில் வந்தது.

"என் புள்ளடி!" என்று அத்தை கத்திவிட்டார். "பல்லுடி! மாமரத்துலருந்து உழுந்து முன்பல்லு ஒடைச்சிகினானே, அதுலருந்து காத்து போவும்டி அவனுக்கு! சோஸியம்னு சொல்லச் சொல்லி நாங்கெல்லாம் சிரிப்போம்!"

நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல். அந்த விசிலை நான் கவனித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

நீர்க்கட்டியும் கிண்ணத்தை வாங்கி வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "தண்ணிக்குள்ளருந்து பேசறாரே சின்னவரு" என்றார். போகும்போது, "கம்பிய ஆடு மாடு மிதிக்காம நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை அன்றைக்குப் பதினோரு மணிக்கே சாப்பிட்டார். வத்தக்குழம்புக்கு இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை இவர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எதுல கேட்டுச்சி?"

அத்தைக்கு அன்றைக்கு நல்ல மனசு. "உன் பொண்டாட்டியையே கேளு. சொல்லுமே, வாயில இன்னா கொழக்கட்டையா?"

அத்தை எதிரில் அவரிடம் நான் பேசின முதல் வார்த்தை அதுதான். "ஏரியில."

இவர் தொடையில் தட்டினார். "ஏரியல்தான்! நான் சொன்னேன்ல? குச்சி, சட்டமெல்லாம் பட்டாளத்தானுக்கு. ஊட்டுக்கு ஏரியல்தான். எந்தப் பக்கம் கட்டினே?"

"மதகாண்ட."

"மதகாண்ட ஏது பனமரம்?"

"மரம் இல்ல. கல்லு."

"கல்லுல எப்பிடி ஏரியல் நிக்கும்?"

"நிக்கல. முழுகிடுச்சி."

இவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "ஆமாண்டா, முழுகினப்பறந்தான் கேட்டுது" என்றார்.

இவர் கொல்லைக்குப் போய், கம்பியோடு நடந்து, மதகு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது, சிரிப்பால் இல்லை. "ஏரியல்னா காத்துல தொங்கறதுமே. ஆகாசத்துல வர்றதைப் புடிக்கறது. அதைப் போயி தண்ணியில போட்டா இன்னா கேக்கும்? அந்தப் பேட்டரி புதுசு, அதால ஏதோ கேட்டிருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பியை ஏரியிலிருந்து இழுத்து, துடைத்து, அவரே இரண்டு பனைமரம் ஏறி உயரத்தில் இழுத்துக் கட்டினார். பார்க்கவே நேராக, அழகாக இருந்தது. "இப்போ கேளுங்க, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்கும்."

கேட்டது. திங்கட்கிழமை அவ்வளவு சத்தமாகக் கேட்டது, கிண்ணத்தைக் காதை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. கூடவே அப்பளம் வறுபட்டது. தூரத்தில் எங்கோ இடித்த இடியெல்லாம் படார் படாரென்று காதுக்குள்ளேயே விழுந்தது. குரல் இருந்தது, விசில் இல்லை.

"இது அவனா?" என்றார் அத்தை.

"அவராத்தான் இருக்கும் அத்தே."

"இருக்கும்னா?"

அத்தை எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

புதன்கிழமை காலையில் அத்தை என்னிடம் வந்தார். "கம்பிய அவுத்து ஏரியில போட்டுடேன்."

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்னேன், "அவரு கட்டினது அத்தே. அவரு வந்துதான் அவுக்கணும். பனைமரத்துல நான் எப்பிடி ஏறுவேன்?"

ஏற வேண்டியதே இல்லை. கொல்லைப் பக்கத்து முனை கையெட்டும் உயரத்தில் ஓர் ஆணியில்தான் சுற்றியிருந்தது. அதை அவிழ்த்தால் கம்பி தானே கீழே வந்துவிடும். நீர்க்கட்டியிடம் சொல்லியிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் ஏறி அவிழ்த்திருப்பார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். தீபாவளிக்கு அப்போது இருபது நாள்கூட இல்லை. கேட்காவிட்டால் இவர் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். புதனும் வெள்ளியும் அத்தை பட்டினி கிடந்தார். வெள்ளிக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைச் செய்கிறவள் நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. யாரோ ஒருத்தி என் புடவையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை இவர் வந்து அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று.

"கேக்கலியாம்மா?"

"கேக்குதுடா. எவன் எவனோ பேசறது நல்லாக் கேக்குது. உன்னைத்தான் காணோம்."

இவர் பெட்டியில் முள் சிவப்பு மையின்மேல்தான் நிற்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். "சரிம்மா. தீவாளி எதுக்கு? இப்பவே வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். நீ துன்னு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேனோ என்னவோ. அவர் காகிதத்தை மடியில் வைத்து, தேதி போட்டு, அப்படியே நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். சளி பிடித்த பிள்ளை மாதிரி.

"ஏரியில போடுங்க" என்றேன்.

இவர் நிமிர்ந்தார்.

"பைத்தியமா உனக்கு? அதான் சொன்னேனே. ரெண்டு வருசம் பட்டாளத்துல இதைத்தான் படிச்சேன். தண்ணியில கெடக்கற கம்பி ஒண்ணத்தையும் புடிக்காது."

"புடிச்சிது. சின்னதாப் புடிச்சிது. ஆனா உங்களை மட்டும் புடிச்சிது. மேல கட்டினா ஊர்ல கீற இடியெல்லாம் சேத்துப் புடிக்குது."

"உயரமா இருந்தாத்தான்மே..."

"நீங்க மேல இருந்து பேசறீங்க. கீழ உக்காந்து கேக்கறது நாங்க. எதுல கேக்குதுன்னு எங்களைத்தானே பாத்துச் சொல்லச் சொன்னீங்க? சொல்லிட்டேன். ஏரியிலதான்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அத்தை படுத்திருந்த இடத்திலிருந்து, "யாருடா அது பேசறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா என்று புரியவில்லை.

இவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்பியை அவிழ்த்தார். நான் கல்லைக் கட்டினேன், அவர் எறிந்தார். நான் எறிந்ததைப் போல நாலு மடங்கு தூரம் போய் விழுந்தது. கரையில் நின்று, "இது எப்பிடி கேக்கும்னு எனக்குத் தெரியலமே" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். மத்தியானம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணி பஸ் போயிற்று. கிண்ணத்துக்குள் அமைதி. தூரத்தில் சின்னக் குரல். மெட்ராஸ், மெட்ராஸ். விசில் வந்தது. இறங்கியாயிற்று என்கிற மாதிரி இன்னொரு குரல் ஏதோ சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நிமிஷம், சட்டைப் பையில் இருக்கிற காகிதம் இனி வெளியே வராது என்றும் தோன்றியது. வரவேண்டாம் என்று சொன்னவள் நான்தானே. அவருக்காகச் சொன்னேனா, அத்தை பட்டினிக்காகச் சொன்னேனா, என் காதில் விழுந்தது பொய்யில்லை என்று காட்டச் சொன்னேனா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரியாகப் படும். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர் பறந்தார்.

அத்தை இலை போடச் சொன்னார். சோறு வைத்தேன். பிசைந்துகொண்டே, "பல்லுல காத்து போறது எனக்கு மட்டுந்தான் கேக்குதா, உனக்கும் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சி அத்தே."

"நல்லதாப் போச்சி. ரசம் ஊத்து."

ஊற்றினேன். கொஞ்சம் இலைக்கு வெளியே ஓடியது. அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த கவளத்தை எடுத்தார்.